அந்திம நினைவும் வேண்டா

நாட்பட்ட நோய் தரும் அசதி, உறங்கி எழுந்தால் தீரும் களைப்பு அன்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கிறது. யோசனை மந்தமாகிறது, நன்றாகத் தெரிந்த பெயர் நாவுக்கு வர மறுக்கிறது. வெயிலில் உடல் சூடேறினால் தளர்ச்சி இன்னும் கூடும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனால் சோம்பேறி என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். விஷ்ணு சஹஸ்ரநாமத்தைப் பல காலம் மனப்பாடமாகச் சொல்லிவந்தவர் நடுவில் வரி மறந்து நிற்கும்போது, மருத்துவரிடம் கேட்க முடியாத ஒரு கேள்வி எழுகிறது: பகவானை நினைக்கவும் முடியாதவருக்கு என்ன கதி?

அந்த சஹஸ்ரநாமத்தை உபதேசித்த பீஷ்மரே இந்த நிலையில் இருந்தவர். அம்புப் படுக்கையில் கிடந்தவரைத் தர்மம் சொல்லுமாறு கண்ணன் கேட்டபோது, உடல் எரிகிறது, புத்தி தெளியவில்லை, பேச்சு வரவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னதைச் சாந்தி பர்வம் காட்டுகிறது. கண்ணன் கடிந்துகொள்ளவில்லை. வலியும் சோர்வும் நீங்கி அறிவு தெளிய வரம் தந்தான். அப்போதும் உபதேசம் உடனே தொடங்கவில்லை. பொழுது சாய்ந்ததால் எல்லோரும் விடைபெற்றுப் போய் மறுநாள்தான் வந்தார்கள்.

வரம் கிடைக்காதவர்களுக்கு வைணவம் வேறொரு விடை வைத்திருக்கிறது. உடலும் மனமும் நலமாக உள்ளபோது தன்னை நினைத்தவன், பின்பு கட்டைபோல் நினைவற்றுக் கிடக்கையில் அவனைத் தான் நினைப்பதாகப் பெருமாள் சொல்வதே வராக சரம சுலோகத்தின் கருத்து. நினைக்கும் பொறுப்பு அங்கே கைமாறிவிடுகிறது. பெரியாழ்வாரும் இளைத்துப்போகும் வேளையில் நினைக்க இயலாது என்பதால், அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். இராமானுசருக்காகத் திருக்கச்சி நம்பி காஞ்சி வரதனிடம் கேட்டுவந்த ஆறு வார்த்தைகளில் ஒன்று, சரணடைந்தவனுக்கு அந்திம நினைவு கட்டாயமில்லை என்பது.

குருவாயூரில் நாராயண பட்டத்திரி 100 தசகங்கள் பாடி வாதநோய் நீங்கப்பெற்ற வரலாறு பெரிதும் சொல்லப்படுகிறது. அதை எடுத்துக்காட்டி, குணமாகாதவருக்குப் பக்தி போதவில்லை என்று சொல்வது கொடுமை. தம் கண்களை இழந்த கூரத்தாழ்வானின் பக்தியில் குறைகண்டவர் எவருமில்லை.

அனுஷ்டானத்தை உடம்புக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். உடம்பில் தெம்புள்ள காலை நேரத்தில் பத்துச் சுலோகம், அதுவும் புத்தகத்தைப் பார்த்து, உட்கார்ந்தபடியே போதும். முடியாத நாளில் பிறர் சொல்லக் கேட்கலாம். சஹஸ்ரநாமத்தின் பலசுருதியே கேட்பவனையும் சொல்பவனையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மருந்து வேளைக்குக் கைபேசியில் மணி வைப்பவர் பூஜை வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம். நடுவில் வரி தவறினால், வீட்டில் உள்ளவர்கள் திருத்தி நிறுத்தாமல் அடுத்த வரியை உடன் சொல்லிக் கொடுத்தால் போதும்.