வாங்காத கடிகாரம்

கோயமுத்தூரில் ஒரு பெரிய கடிகாரக் கடை. கண்ணாடி மேஜைக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. என் கதை ஒன்றைச் சினிமாவுக்கு வாங்கியிருந்தார்கள். அந்தப் பணம் பாங்கியில் கிடந்தது. கடன் வாங்கியோ, மனைவியின் வளையலை அடகு வைத்தோ நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஆசையும் நேற்று முளைத்ததல்ல. பதினைந்து வருஷத்து ஆசை. பின் ஏன் எழுந்து வந்தேன்? ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை இதே கேள்விதான். சாப்பிட்டுப் படுத்த பிறகும் அது என்னை விடவில்லை.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்பது அதன் பெயர். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கியபோது, ஆல்ட்ரின் தம் விண்வெளி உடுப்பின் மேல் கட்டிக்கொண்டு இறங்கியது இந்தக் கடிகாரம்தான். ஆர்ம்ஸ்ட்ராங் தம்முடையதைக் கலத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார். உள்ளே இருந்த கடிகாரம் பழுதாகிவிட்டதால் அதற்குப் பதிலாக இது அங்கே வேலை பார்த்தது. அடுத்த வருஷம் அப்போலோ 13 பாதி வழியில் சேதப்பட்டுத் திரும்பியபோது, ஒரு கட்டத்தில் சரியாக 14 விநாடி இயந்திரத்தை ஓட்டி நிறுத்த வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை எண்ணியதும் இதே வகைக் கடிகாரம்தான். நான் விரும்பியதை இன்றும் கையால் சாவி கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன மயக்கம் வேண்டும்?

ஆனால் அதனால் எனக்கு என்ன உபயோகம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மணி பார்க்கச் சட்டைப் பையில் போன் இருக்கிறது. 1969 டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் ஸைகோ கம்பெனியார் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலாக விற்பனைக்கு வைத்தார்கள். விலை 4,50,000 யென். ஒரு சிறிய காரின் விலை அது. இன்று குவார்ட்ஸ் கடிகாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனுள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. நான் ஆசைப்பட்ட கடிகாரமோ விநாடிக்கு ஆறு தரம்தான் துடிக்கிறது. சில நூறு ரூபாய்க் கடிகாரம் சரியான மணி காட்டும்; இது தினமும் சில விநாடிகள் முன்னே பின்னே போகும். இப்போது ஒரு சிறிய காரின் விலை இதற்குத்தான். அவசியம் என்ற போர்வையை எடுத்துவிட்டால் கீழே வெறும் ஆசைதான் நிற்கிறது.

கடிகாரப் பித்தர்கள் சிலரை எனக்குத் தெரியும். எல்லோரும் ஏதாவது ஒரு கடிகாரத்தைப் புகழ்ந்து கொண்டேயிருப்பார்கள். வாங்குவது மட்டும் இல்லை. ஒருவர் தம் மணிக்கட்டு மெல்லியது, அதற்கு எடுபடாது என்பார். இன்னொருவர் பழுது பார்க்கும் செலவைக் கணக்குப் போடுவார். இன்னொருவர் பழைய எச்.எம்.டி.களின் ரசிகர், அவருக்குச் சந்தேகப் பிசாசு. அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. ராஜ வீதிப் பக்கம் பழுது பார்க்கும் பெரியவரிடம் ஒருநாள் அவருடன் போயிருந்தேன். பளபளவென்று மின்னிய ஒரு கடிகாரத்தைப் பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, "எச்செம்டிதானுங்க தம்பி. ஆனா மூஞ்சி புதுசா எழுதினது. உள்ளார நாலு வாச்சுச் சாமான் கெடக்குதுங்க" என்றார். நண்பருக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. வாங்காமல் இருக்க ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

"யோசித்துச் சொல்கிறேன்" என்ற வாசகத்தை நான் கற்றுக்கொண்டது என் தாய்மாமனிடம். கவுந்தப்பாடிப் பக்கம் அவருக்குத் தோட்டம். மஞ்சளும் கரும்பும் விளையும்; ஈரோட்டு மண்டியில் அவர் பெயருக்கு மதிப்பு உண்டு. எங்கள் வீடு கோயமுத்தூரில். தங்கையைப் பார்க்க வருகிற போதெல்லாம் மாமன் என்னை ஒப்பணக்கார வீதிக்கு அழைத்துக்கொண்டு போவார். 1990-ஐ ஒட்டிய காலம். டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் கடிகாரங்கள் ஓசூரிலிருந்து அப்போதுதான் கடைகளுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதுவரை கடிகாரம் என்றால் மருந்துக் கடைச் சாமான் மாதிரி அலமாரிக்குள் இருக்கும். இவர்கள் அதை நகை மாதிரி வெல்வெட்டில் படுக்க வைத்தார்கள். அதில் ஒன்று: தங்க நிறம், தோல் பட்டை, காகிதம் போல மெல்லியது. மாமன் அதன் முன்னால் நின்றுவிடுவார். கடைக்காரர் உள்ளே கூப்பிடுவார். மாமன் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். காதில் வைத்துக் கேட்பார். குவார்ட்ஸ் ஆகையால் சத்தம் அவ்வளவாக இராது, ஆனாலும் கேட்பார். பிறகு, "ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்று வெளியே வந்துவிடுவார். மூன்று வருஷம் இப்படி.

எனக்குப் பத்துப் பதினொரு வயது. ஒருநாள் கேட்டே விட்டேன், ஏன் மாமா வாங்க மாட்டேன் என்கிறீர்கள் என்று. மாமன் உடனே பதில் சொல்லவில்லை. மணிக்கூண்டு வரைக்கும் நடந்த பிறகு சொன்னார்: "கண்ணு, அதக் கட்டிக்கிட்டு ஆளுக முன்னால நின்னு கூலி பேச முடியுமா? வாய் வருமா?"

அந்தக் கடிகாரத்தின் விலை ஓர் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு மாதக் கூலி. மாமன் சொன்னது என் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. பெரியவனாகி எழுத ஆரம்பித்த பிறகு அதை ஒரு கதையிலும் வைத்தேன். தன் கையில் மின்னும் பொன் பிறர் கண்ணை உறுத்தும் என்று கூசுகிற மனசு எவ்வளவு மென்மையானது! வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். கொங்கு நாட்டுச் சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்கிறவர்களுக்கு இது நல்ல பதில் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். நான் பூரித்துப் போனேன்.

கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "எல்லாஞ் சரி. உங்க மாமன் வாச்சுக் கட்டாம இருந்ததுல அந்த ஆளுக்கு எட்டணாக் கூலி ஏறுச்சா கண்ணு?" என்றாள். தன் அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள்.

ஏறவில்லை. அதுதான் விஷயம். மாமன் கடிகாரத்தைத் துறந்தது தாராளமாகக் கூலி கொடுப்பதற்காக அல்ல. கூச்சமில்லாமல் பேரம் பேசுவதற்காக. கடிகாரம் கையில் ஏறினால் வாய் அடைத்துப் போகும்; வாய் அடைத்தால் கூலி ஏறும். கடிகாரத்தின் விலையோடு அதையும் கூட்டிப் பார்த்திருக்கிறார் மனுஷர். அந்தக் கூச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையானதுதான். உண்மையான கூச்சம் ஒன்று மூன்று வருஷம் ஒரு மனிதருக்குள் இருந்தும் எட்டணாக்கூடப் பெறவில்லையே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மாமனுக்குக் கடிகாரம் இல்லை. ஆனால் அவருடைய பண்ணையத்து ஆளிடம் இருந்தது. எச்.எம்.டி. ஜனதா. மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அந்த வரிசையில் வந்தது இது. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், 17 கல், தினமும் சாவி. ஏழை எளியவர்களும் கட்டலாம் என்றுதான் ஜனதா என்று பெயர். அந்த ஆள் அதை வாங்கத் தயங்கியிருக்க மாட்டார். மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று பார்த்து நடு ராத்திரியில் மோட்டார் போடுகிறவர் அவர். வாய்க்காலில் முறைத் தண்ணீர் திருப்புகிறவரும் அவர்.

எங்கள் சீமையில் நேரம் என்பது வெகு காலம் முதலாளியின் சொத்தாகத்தான் இருந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் மில் ஆரம்பித்தார், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. மில் சங்குதான் ஊருக்கே மணி. சங்கு ஊதும்போது விடிந்தது, மறுபடி ஊதும்போது பொழுது போயிற்று. கூலிக்காரர் கையில் ஒரு கடிகாரம் ஏறியதை, அது எவ்வளவு மலிவானதானாலும், சாதாரண விஷயமாக நினைக்கக் கூடாது. மாமன் வரப்பில் நின்றுகொண்டு, "ஏன்டா, மணி என்னாச்சு?" என்பார். தம்மைவிடப் பத்து வயது மூத்தவரை 'டா' என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாக நினைவில்லை. "அஞ்சாச்சுங்க பண்ணாடி" என்று பதில் வரும். அத்தோடு அன்றைய வேலை முடியும்.

திருக்குறளில் முப்பத்தேழாவது அதிகாரம் அவாவறுத்தல். நூற்றொன்றாவது அதிகாரம் நன்றியில் செல்வம். ஆசையைக் கண்டிக்கிறவரும் அவர்தான், தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் உதவாமல் கிடக்கிற பணத்தைக் கண்டிக்கிறவரும் அவர்தான். வாங்காதவர்கள் எல்லோரும் முதல் அதிகாரத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறோம். நாம் நிற்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

இனி என் விஷயம். கடையில் எழுந்தபோது என் மனத்தில் யார் வந்து நின்றார்கள் என்று நேர்மையாக நினைத்துப் பார்த்தேன். வாசகர் இல்லை. நண்பர் இல்லை. எங்கள் வீட்டில் பத்து வருஷமாகச் சமைக்கிற அம்மாள். சென்ற மாதம் அவர், "அடுத்த மாசத்துல இருந்து ஐந்நூறு சேத்துக் குடுங்கண்ணா" என்று கேட்டிருந்தார். நான் "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தேன். அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு காலையில் காப்பியை வாங்கும்போது, அதன் விலை அவருக்குத் தெரியப் போவதில்லை; ஆனால் எனக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்ற வார்த்தையை மறுபடி சொல்ல வாய் வராது. மாமன் ரத்தம்! கதையில் மாமனை மகானாக்கிய காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பங்குக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

சம்பளத்தை உயர்த்திக் கொடுத்துவிட்டேன். இதை ஒரு தர்ம காரியமாகச் சொல்ல வரவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்த பிறகு கடிகாரத்தின் மேல் ஆசை குறையும் என்று ஒரு நப்பாசை இருந்தது. குறையவில்லை. பொருளை வாங்கினால் ஆசை செத்துவிடும், வாங்காமல் ரசிப்பதே மேல் என்று நண்பர்கள் தத்துவம் பேசுகிறார்களே, அதிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2016-இல் எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட மத்திய அரசு முடிவு செய்தது. அதற்கு முன் இருபது வருஷம் கடையில் தூசி படிந்து கிடந்த கடிகாரங்களை, நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வரிசையில் நின்று வாங்கினார்கள். தயங்கித் தயங்கி நேசித்தவர்கள் முன்னமே ஆளுக்கொன்று வாங்கியிருந்தால்? மூடாமல் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது பெரிய கணக்கு. ஆனால் நம்முடைய ரசனையால் அங்கே கடிகாரம் செய்தவருக்கு ஒரு நாள் சோறு கிடைக்கவில்லை என்பது நிச்சயம்.

போன வருஷம் நோம்பிக்கு மாமன் ஊருக்குப் போயிருந்தேன். மாமன் காலமாகி வெகு நாள் ஆகிறது. அந்தப் பண்ணையத்து ஆளும் இல்லை. அவர் மகன் பெருந்துறைச் சிப்காட்டில் வேலை பார்க்கிறார், நோம்பிக்கு வந்திருந்தார். கையில் ஜனதா. சாவி கொடுத்து, துடைத்து, நோம்பி நாட்களில் மட்டும் கட்டுவாராம். ஆசையாக வாங்கிப் பார்த்தேன். என் போனோடு ஒப்பிட்டேன். ஐந்து நிமிஷம் வேகம்.

"வேகமாகப் போகிறதே, சரி பார்க்கக் கூடாதா?" என்றேன்.

"வேகமெல்லாம் இல்லைங்கண்ணா. நானே தள்ளி வெக்கறதுதானுங்க. எங்கய்யன் அப்படித்தான் வெச்சிருந்தாரு."

"எதற்கு?"

அவர் சிரித்தார். "சாயங்காலத்துக்குத்தானுங்க."

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அத்தனை வருஷம்! "மாமாவுக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமுங்களா? வீட்டுல ரேடியோ இருந்துச்சல்லங்க, தெனமும் ஏழே கால் நியூசு கேப்பாரு. ஆனாலும் மணி கேக்கறது எங்கய்யன்கிட்டத்தானுங்க" என்றார்.