முகம் பார்த்த திசை

வரும் தை மாதம் என் படங்கள் இரண்டு இடங்களில் சுவரேறப் போகின்றன. முதலில் நகருக்குள் ஒரு சின்னக் கூடம், அது முடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொன்று. எல்லாமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்துச் செய்த நீர்வண்ணங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. ஃபிரேம் கடையில் வேலை நடக்கிறது. நியாயமாகப் பார்த்தால் நான் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய காலம். இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தேதி குறித்த நாள் முதல் ஒரு கேள்வி விடாமல் கூடவே வருகிறது. தண்ணீரில் ஒரு பறவை நிற்பதைப் பார்த்தேன், பிடித்தது, வரைந்தேன். அதோடு விட்டால் என்ன? அதை ஏன் நாலு பேருக்குக் காட்ட வேண்டும்?

அடக்கத்தால் கேட்கிற கேள்வி இல்லை இது. அடக்கமானவர்கள் ஓவியம் பக்கம் வருவதில்லை என்பது என் கணிப்பு. தவிர, பார்த்ததைக் காட்டாமல் வைத்திருக்கிறவர் இன்று யார்? பூநாரை வருகிற பருவத்தில் விடியற்காலை சதுப்பின் வழியே போகிற ரேடியல் சாலையில் போய் நின்றால் பறவைகளுக்குச் சமமாகக் கேமராக்கள் நிற்கும். காலைப் பலகாரத்துக்கு முன்பே அந்தப் படங்கள் ஊர் முழுக்கக் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓர் அழகைக் கண்டதும் பக்கத்தில் நிற்பவர் தோளைத் தட்டி “அதோ பாருங்க” என்று சொல்லத் தோன்றுவது மனுஷ சுபாவம். ஆனால் தோளைத் தட்டும்போது பறவை எதிரேயே இருக்கிறது, அவர் தன் கண்ணால் பார்த்துக்கொள்வார். சுவரில் ஆணி அடித்து மாட்டும்போது பறவை அங்கே இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

கண்காட்சி என்று தேதி குறிப்பதில் ஒரு நன்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தேதி இல்லாவிட்டால் படம் முடிவதே இல்லை. இயற்கையை வரைகிறவருக்கு இது பெரிய தொல்லை. மேசைமேல் வைத்த குடம் நாளைக்கும் அப்படியே இருக்கும். சதுப்பு நிலம் அப்படி இருக்காது. மழைக்காலத்தில் தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைத் தொடுகிறது. ஐப்பசியில் நான் உட்கார்ந்த கரை கார்த்திகையில் தண்ணீருக்குள் போய்விடும். வைகாசியில் அதே இடம் வெடித்த சேறாகக் கிடக்கும். எதை முடிப்பது?

நிலம் மாறுகிற மாதிரி தாளும் மாறுகிறது. அடைமழைக் காலத்தில் காற்று முழுக்க ஈரம். தாளில் இழுத்துவிட்ட ‘வாஷ்’ என்கிற நீர்த்த வண்ணம் லேசில் காயாது. விளிம்புகள் கலங்கி, சம்பங்கோரையும் தண்ணீரும் ஒன்றுக்குள் ஒன்று ஊறிவிடும். சித்திரை வெயிலிலோ, தூரிகை தாளின் மறுகோடிக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். வேறு வழியில்லாமல் சின்னச் சின்னத் தீற்றலாகப் போட வேண்டியிருக்கும். பார்க்கிறவர்கள் என் ‘பாணி’ என்று சொல்வதில் பாதி, சென்னையின் ஈரப்பதம். மழைக்காலத்தில் கவனமில்லாமல் அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடித்துத் தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும். அதற்கும் ஒரு நாள் யாராவது பாணி என்று பெயர் வைத்துவிடலாம்.

நன்மை அவ்வளவுதான். தேதி குறித்த பிறகு, சதுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே சுவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. இந்தப் படம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எப்படி நிற்கும்? நீலம் அதிகமாகிவிட்டதா? நீலப் படங்கள் சீக்கிரம் விற்கும், பழுப்புப் படங்கள் வீடு திரும்பும் என்பது இந்தத் தொழிலில் புதிதாய் வந்தவருக்கும் தெரியும். சோபா உறைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் படம் வாங்குகிறவர்களைப் பற்றிச் சக ஓவியர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு படத்தோடு தினமும் வாழப் போகிறவர் அவர், சோபா அவர் வீட்டில் இருக்கிறது. சங்கடம் என்னவென்றால், அவருடைய சோபா என் வரைபலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டதுதான்.

இது புதிய சங்கடம் ஒன்றும் இல்லை. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை வரைந்துகொண்டிருந்தார். தாளில் எண்ணெய் வண்ணம், ஓடுகிற மேகத்தை ஓடும்போதே பிடிக்கிற வேகம். பின்பக்கம் தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்ற குறிப்பு. பலவற்றில் மரம் கிடையாது, தரை கிடையாது, வானம் மட்டும். அவற்றை அவர் காட்சிக்கு வைக்கவில்லை. அதே காலத்தில் ராயல் அகாடமி கண்காட்சிக்காக ஆறடி அகலத் துணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அகாடமியின் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஃபிரேமை ஒட்டி ஃபிரேமாகப் படங்களை நெருக்கி மாட்டுவார்கள். சின்னப் படம் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். இன்று உலகமே அறிந்த ‘வைக்கோல் வண்டி’ 1821-இல் அப்படிப் போன ஆறடி ஆற்றங்கரைப் படம்தான். லண்டனில் அப்போது விலைபோகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. ஆற்றங்கரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக்கூட ஆறு முடிவு செய்யவில்லை, சுவர் முடிவு செய்தது. மேகங்களோ வீட்டிலேயே இருந்தன. 1888-இல் அவருடைய மகள் இசபெல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுத்தவற்றில் அவையும் உண்டு. எனக்கு அந்த மேகங்கள்தான் பிடிக்கும். ஆனால் அவை எனக்குப் பிடிப்பதற்கே யாரோ அவற்றை வெளியே கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் என் வாதம் கால் வழுக்குகிறது.

காட்டாமலே இருந்து பார்த்தவர்களும் உண்டு. சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் தன் பெரிய படங்களைத் தான் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை வெளியே காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு 1944-இல் போனார். 1986-இல்தான் அவை லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தன. 2018-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கூட்டம் அலைமோதியது. இந்தக் கதையை இளம் ஓவியர்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். எனக்கு ஆறுதலாக இல்லை. பிறக்காத தலைமுறை வந்து பார்த்துக்கொள்ளும் என்று பெட்டியில் வைத்துப் பூட்ட ஒரு பெரிய நம்பிக்கை வேண்டும். அது என்னிடம் இல்லை. தவிர, என் படங்களில் இருக்கிற நிலம் அதுவரை இருக்குமா?

காசு பற்றிப் பேசாமல் இதைப் பேசி முடிக்க முடியாது. கேலரிகள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் பாதி. ஃபிரேம், மவுண்ட், கண்ணாடி, அச்சுச் செலவு பெரும்பாலும் ஓவியர் தலையில். இந்த விஷயத்தில் சென்னைக்குச் சொந்தமான ஒரு விடை உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த இளைஞர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கிய பணம் ஓவியம் விற்று வந்ததில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்தது. வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம் என்று பிரித்துக்கொண்டார்கள். விற்க வேண்டிய கட்டாயம் ஓவியத்தின் தலையில் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அன்று அது ஊருக்கு வெளியே மணலும் சவுக்குமாய்க் கிடந்த இடம். இன்று அந்தச் சாலையில் மனை விலை கேட்டால் மயக்கம் வரும். அந்த வழி இனி யாருக்கும் திறக்காது. ஆனால் அவர்களும் காட்சிக்கூடம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விற்பனையிலிருந்து தப்ப நினைத்தார்களே தவிர, காட்டுவதிலிருந்து தப்ப நினைக்கவில்லை.

ஏன் காட்ட வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை புத்தகத்திலிருந்து வரவில்லை, ஃபிரேம் கடையிலிருந்து வந்தது. கடைக்காரத் தம்பி முப்பது வயதுக்காரர். படங்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து அளவு எடுத்துக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

“அக்கா, இது எங்க பள்ளிக்கரணையா?”

“ஆமா தம்பி.”

“நான் அங்கதான் வளர்ந்தேன். குப்பமேட்டையே காணோமே?”

“ரேடியல் ரோட்டுல தெக்க பாத்து உக்காந்து வரைஞ்சேன். மேடு எனக்குப் பின்னாடி இருந்துச்சு.”

“பின்னாடி இருந்தாலும் வாடை வந்திருக்குமே அக்கா.”

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அளவுநாடாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்தச் சாலையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். தெற்கே பார்த்தால் நீர்வெளி, கோரைத் திட்டுகள், நீலத் தாழைக்கோழி, பருவத்தில் பூநாரை. வடக்கே திரும்பினால் பெருங்குடிக் குப்பை மேடு, நகரம் பல பத்தாண்டுகளாகக் கொட்டிச் சேர்த்தது. கிழக்கே மென்பொருள் நிறுவனக் கண்ணாடிக் கட்டடங்கள். 2022-இல் பள்ளிக்கரணை சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அறிவிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதற்கு முன்பே அதைவிடப் பெரிய பரப்பு மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டது. கேமராக்காரர்கள் எல்லாரும் தெற்கே பார்த்து நிற்கிறார்கள். நானும்.

இதனால் ஒவ்வொரு படத்திலும் குப்பையை வைத்தே தீர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அலகில் பிளாஸ்டிக் பையைத் தூக்கி நிற்கிற கொக்கு என்று ஒரு படம் போட எனக்கு அரை நாள் போதும். அதையும் ஒருவர் வாங்கிச் சோபாவுக்கு மேல் மாட்டுவார், வேறு மாதிரியான வீட்டில். கோஷம் எழுதுவதும் சூரிய அஸ்தமனம் வரைவதும் எனக்கு ஒரே அளவு சுலபமாகத் தெரிகின்றன. இரண்டிலும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கான்ஸ்டபிளை இதே காரணத்துக்காகக் கடிந்துகொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஆற்றங்கரை அமைதியை அவர் வரைந்த ஆண்டுகளில், அதே வட்டாரத்தில் கூலி போதாத விவசாயத் தொழிலாளர்கள் கொந்தளித்து வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார்கள். படத்தில் அந்தத் தீயின் புகை இல்லை. அந்தக் கடிதலை வாசித்தபோது ஓவியனிடம் பத்திரிகை வேலையை எதிர்பார்க்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. இப்போதும் முழுக்க உடன்பாடில்லை. ஆனால் முன்பு அவரை மன்னிக்கச் சொல்லி வாதாடிய நான், இப்போது அவர் எந்த இடத்தில் பலகையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார், பின்னால் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

அதன் பிறகு ரேடியல் சாலையில் வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். வாடை கழுத்தைப் பிடித்தது உண்மைதான், கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிக்கொண்டது. மேட்டின் மேல் பருந்துகள் வட்டமிட்டன. உண்ணிக்கொக்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. எல்லை மனிதர்களுக்குத்தான். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிற பயோமைனிங் வேலையில் வெளியே வந்த மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பர்ன்ட் அம்பர் பழுப்பில் துளி நீலம் சேர்த்தால் அது வருகிறது. கோடையில் காய்ந்து சாய்ந்த கோரைக்கு நான் எப்போதும் கலக்கிற கலவையும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிண்ணம் போதுமாக இருந்தது. இதில் தத்துவம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, வண்ணம் மட்டும் தெரிகிறது. ஆனால் தெற்கே பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

படங்களை அலமாரியிலேயே வைத்திருந்தால் அந்தத் தம்பி பார்த்திருக்க மாட்டார். அந்த இடத்தை என்னைவிட அதிகம் அறிந்த ஒருவர் என் படத்தின் முன் நிற்கக்கூடும், எதைக் காணவில்லை என்று சொல்லக்கூடும் என்பதற்கு வழி விடுவதைத்தான் நான் இப்போது காட்டுவது என்கிறேன். பாராட்டு கேட்டுத்தான் காட்டுகிறோம், அதை மறைப்பானேன். ஆனால் பாராட்டுகிறவர் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார். படத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்கிறவர் அபூர்வம். அவருக்காகவாவது சுவர் வேண்டியிருக்கிறது.

வடக்குப் பக்கப் படங்களில் சில இரண்டு கண்காட்சிகளுக்கும் போகின்றன. பழுப்புதான், திரும்பி வந்தாலும் வரட்டும். பெயர் அட்டை விஷயத்தில்தான் கேலரிக்காரரோடு இன்னும் இழுபறி. கான்ஸ்டபிள் மாதிரி எல்லாவற்றின் பின்பக்கமும் தேதியும் நேரமும் காற்றும், கூடவே நான் முகம் பார்த்து உட்கார்ந்த திசையும் எழுதி வைத்திருந்தேன். ஃபிரேம் போட்டால் பின்பக்கம் அட்டை ஒட்டி மூடிவிடுவார்கள். அதனால் அதையெல்லாம் முன்பக்கச் சீட்டில் போடச் சொன்னேன், தலைப்பே வேண்டாம் என்றேன். தலைப்பு இல்லாத படத்தின் முன் ஆட்கள் நிற்க மாட்டார்கள் என்கிறார் அவர். அனுபவசாலி, சரியாகவும் இருக்கலாம். கடைசியில் விலைப்பட்டியலில் தலைப்பு, சுவர்ச் சீட்டில் திசை என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். ஃபிரேம் கடைத் தம்பிக்கு அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை மூடிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த இடம் மேடு வருவதற்கு முன்பிருந்தே தெரியுமாம்.