கை திறந்தால்தான் விதைப்பு

நற்செய்தி வாசகம்: மத்தேயு 13:1-23



இன்றைய நற்செய்தியில் ஒருவர் விதைக்கப் புறப்படுகிறார். பாதையோரத்திலும் விழுகிறது, பாறையிலும் விழுகிறது, முட்செடிகளுக்கு நடுவிலும் நல்ல நிலத்திலும் விழுகிறது. அந்த மனிதர் எந்த நிலத்தையும் ஒதுக்கவில்லை.

என் தந்தை எள் விதைத்ததைச் சிறுவனாக வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். எள் பொடி விதை. அப்படியே அள்ளி வீசினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். ஓரிடம் வெறுமையாகக் கிடக்கும். அதனால் ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து மடியில் கட்டிக்கொள்வார். ஓரடி வைப்பார், ஒரு வீச்சு. மறு அடி, மறு வீச்சு. விரல்கள் மூடியிருக்கும்வரை அது வெறும் தானியம். விரல்கள் பிரிந்த பிறகுதான் விதைப்பு.

இப்படி அகல வீசி விதைப்பதற்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கில உழவர்களிடம் ஒரு சொல் இருந்தது: ‘பிராட்காஸ்ட்’. பிராட் என்றால் அகலம். காஸ்ட் என்றால் வீசுதல். 1920களில் வானொலி வந்தபோது, குரலைக் காற்றில் பரப்புகிற வேலைக்கு அந்த வயல் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 1922இல் தொடங்கிய பிபிசியின் பெயரில் நடு எழுத்து இந்தச் சொல்லைத்தான் குறிக்கிறது. பேச்சைப் பரப்புவதும் விதையைத் தூவுவதும் அங்கே ஒரே சொல்லாயின. விதை என்பது இறைவார்த்தையே என்று ஆண்டவர் முன்பே விளக்கிவிட்டார்.

அன்பர்களே, இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிராட்காஸ்ட் கருவி இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் எத்தனை செய்திகளை எத்தனை குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம்! அவற்றில் அடுத்த வீட்டுப் பெண்ணின் மானத்தைக் கெடுக்கும் வதந்தி ஒன்று இருந்தால்? இதே 13ஆம் அதிகாரத்தில், எல்லாரும் தூங்கும்போது வந்து கோதுமைக்கு நடுவே களை விதைத்துப் போன பகைவன் ஒருவனும் வருகிறான். அவனும் கை திறந்துதான் விதைத்தான். ஆகவே, வீசுவதற்கு முன் மடியில் என்ன கட்டியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வோம்.

இன்னொரு சொல், நம் திரு அவையில் அன்றாடம் புழங்குவது: செமினரி. லத்தீன் மொழியில் ‘செமென்’ என்றால் விதை; ‘செமினாரியும்’ என்றால் நாற்றங்கால். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் குருத்துவப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தபோது அந்த இடத்திற்கு நாற்றங்கால் என்ற பெயரையே வைத்தது. நாற்றங்காலில் விதை விழுந்தால் மட்டும் போதாது. நீர் பாய்ச்சவும் களை எடுக்கவும் ஆள் வேண்டும். பிறகு வேர் அறாமல் பிடுங்கி நடவும் மனம் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், நம்பிக்கையில் வாழும் குடும்பமே முதல் செமினரி போன்றது என்று கற்பித்தது. பெற்றோரே, உங்கள் வீட்டு இரவு மன்றாட்டு ஒரு நாற்றங்கால். பிள்ளைகள் முன் நீங்கள் ஒருவரையொருவர் மன்னிக்கும் நேரமும் நாற்றங்கால்தான்.

மூன்றாவது சொல் இன்னும் நெருக்கமானது. குற்றால சீசன், மாம்பழ சீசன் என்கிறோமே, அந்தச் சீசன்தான். அது லத்தீன் ‘சத்தியோ’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சத்தியோ என்றால் விதைத்தல். நமக்குச் சீசன் என்றால் பழம் மலிந்து கிடைக்கும் காலம்; வேரிலே அது விதைக்கும் காலம்.

பங்கில் எத்தனையோ அன்னையர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: “சாமி, பையனுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். கோயில் பக்கமே வர மாட்டேங்கிறான். நான் எதுல குறை வச்சேன்?” அம்மா, நீங்கள் குறை வைக்கவில்லை. நீங்கள் பழத்தின் சீசனைத் தேடுகிறீர்கள். ஆண்டவர் உங்களுக்குத் தந்திருப்பது விதைப்பின் சீசன். மாற்கு நற்செய்தியில், விதைத்தவர் தூங்கி எழுகிறார். அவருக்கே தெரியாமல் விதை முளைத்து வளர்கிறது. என் தந்தையும் விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவி, செபம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். பலன் இல்லை என்று நாம் கைவிட்ட ஒருவரிடம், கடிந்துகொள்ளாமல், ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவோம். முளைத்ததா என்று உடனே கிளறிப் பார்க்க வேண்டாம்.

ஆண்டவரே, எங்கள் பாறை நெஞ்சிலும் கை ஓயாமல் விதைப்பவரே, மூடிய எங்கள் கைகளைத் திறந்தருளும். ஆமென்.