சுவருக்குள் மறையும் நேர்மை

மனிதன் தன் கையால் செய்கின்ற வேலைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முடிந்த பின்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பது. மற்றொன்று, முடிந்தவுடன் மூடப்பட்டுவிடுவது. சட்டையின் கழுத்துப்பட்டை முதல் வகையைச் சேர்ந்தது. அதன் உட்தையல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முதல் வகை வேலையை நன்றாகச் செய்யப் புகழாசை ஒன்றே போதும். இரண்டாம் வகையை நன்றாகச் செய்ய நம்மைத் தூண்டுவது யாது? பார்க்க எவரும் இல்லை. பாராட்ட எவரும் இல்லை. குறை கூறவும் எவரும் இல்லை. அந்நிலையிலும் கை பிறழலாகாது என்று சொல்கிறோமே, அதற்கு ஆதாரம் என்ன? இக்கேள்வியைப் பொதுவான உபதேசமாக விட்டுவிடாமல், ஒரு சிறிய கட்டடத்தின் சுவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் தனியாக ஓர் அறை கட்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அதைத் ‘தோட்ட அறை’ என்கிறார்கள். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலக வேலை வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது, எழுதவும் படிக்கவும் அமைதியாக ஓரிடம் வேண்டுமென்று பலர் இத்தகைய அறையை நாடினார்கள். இவர்களில் தச்சுத் தொழிலறியாத சாதாரண மனிதர்களும் உண்டு. விடுமுறை நாட்களில் ரம்பமும் திருகாணியும் எடுத்துத் தம் கையாலேயே அறையை எழுப்பி, அதைச் சுற்றி நடக்கவும் நாற்காலி போட்டு அமரவும் மரப்பலகைத் தளம் ஒன்றையும் அமைத்துக்கொள்கிறார்கள். கூலி மிச்சம் என்பது ஒரு காரணம். தாம் அமரும் கூரையைத் தாமே வேய்ந்தோம் என்ற மனநிறைவு மற்றொரு காரணம். அந்த நிறைவு அற்பமானதன்று.

குளிர் நாட்டில் கட்டும் அறை, நம்மூர்க் கீற்றுக் கொட்டகை போல் நாலு கம்பு நட்டு மேலே மூடினால் ஆகிவிடுவதில்லை. வெப்பத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கவேண்டும். அதற்காக அந்தச் சுவர் பல அடுக்குகளாக அமைகிறது. நடுவில் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு இடையே வெப்பக்காப்புப் பலகைகள். அறைப் பக்கத்தில் நீராவியைத் தடுக்கும் ஒரு தாள். அதன்மேல் ஜிப்சம் பலகை. வெளிப் பக்கத்தில் மழையைத் தடுத்து, உள்ளிருக்கும் ஈரத்தை மட்டும் வெளியேற விடுகின்ற மற்றொரு தாள். அதற்கப்பால் காற்று உலாவ ஒரு சிறு இடைவெளி. கடைசியில், காண்போர் கண்ணுக்கு அழகாகப் பலகைப் போர்வை.

இத்தனை ஏற்பாடும் ஏன்? சுமார் 20 பாகை வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் அதே காற்று தாங்குவது 5 கிராமுக்கும் சற்றுக் குறைவே. அறையில் இருப்பவரின் மூச்சிலிருந்தும், தேநீர்க் கோப்பையிலிருந்தும் எழும் ஈரம், தடுப்புத் தாளில் ஒட்டாமல் விட்ட ஒரு பிளவின் வழியே சுவருக்குள் நுழைகிறது. அங்கே குளிர்ந்த பக்கத்தை அடைந்ததும் நீர்த்துளியாக மாறி மரத்தில் படிகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும், சட்டம் உளுக்கும். இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது உட்புறச் சுவர் வெள்ளையடித்தபடியே பளிச்சென்றிருக்கும். நோய் வெளியே தெரியும் நாளில், எலும்பு உளுத்துப் போயிருக்கும்.

வெளியே உள்ள மரத்தளத்தின் கதையும் இதுவே. மேலே பரப்பிய பலகைகளைப் பார்த்து, வந்தவர்கள் அழகென்று சொல்வார்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் கிடைச்சட்டங்களை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. பூஞ்சை அண்டாதிருக்க மருந்தேற்றிய மரத்தைத்தான் வாங்குகிறோம். ஆனால் அம்மருந்து பெரும்பாலும் மரத்தின் நடுவரை ஏறுவதில்லை. அளவுக்கு அறுத்தவுடன் உள்மரம் வெளிப்பட்டுவிடுகிறது. அந்த முனையில் மறுபடியும் மருந்து பூசவேண்டும். ஒரு முனைக்கு அரை நிமிட வேலை. ஐம்பது முனைகளுக்குப் பொறுமை வேண்டும். மாலை மங்கி, மழை தூறத் தொடங்கி, முதுகும் வலிக்கின்ற வேளையில், மீதமுள்ள நான்கு முனைகளைப் பூசாமல் பலகையைப் போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? நம் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அரசாங்கத்துக்குத் தெரியுமா? தெரியாது. இங்கிலாந்தின் சட்டப்படி, பதினைந்து சதுர மீட்டருக்குட்பட்ட, படுக்கை வசதியில்லாத இத்தகைய தனி அறை, பொதுவாகக் கட்டட விதிகளின் சோதனைக்கு உட்படுவதில்லை. உயரத்துக்கு வரம்புண்டு, எல்லை வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் கட்டினால் இரண்டரை மீட்டருக்குமேல் உயரக்கூடாது. மின்சார வேலைக்குத் தனி விதி உண்டு. ஆனால் தாள் ஒழுங்காக ஒட்டப்பட்டதா, முனைகள் பூசப்பட்டனவா என்று பார்க்க எந்த அதிகாரியும் வருவதில்லை. எசமானும் அவரே, வேலையாளும் அவரே, மேற்பார்வையாளரும் அவரே.

இவ்விடத்தில் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: “அவருடைய நிலம், அவருடைய பணம், அவருடைய உழைப்பு. உளுத்தால் அவருக்குத்தானே நட்டம்? இதில் அறம் எங்கே வந்தது? இது வெறும் கெட்டிக்காரத்தனம் சம்பந்தப்பட்ட விஷயமல்லவா?”

கேள்வி நியாயமானதே. தனக்குத்தானே தீங்கு செய்துகொள்பவனை ஏமாளி என்று சொல்லலாம். ஏமாற்றுக்காரன் என்று எப்படிச் சொல்வது? ஆயினும் ‘அவருக்குத்தானே’ என்ற சொல்லைச் சற்று உரைத்துப் பார்க்கவேண்டும். அந்த அறையில் அவர் மட்டுமா அமரப்போகிறார்? மனைவி அமர்வார்; தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அமரும்; முதுமையில் தனிமை நாடும் தாயார் வெயில் காய அந்த மரத்தளத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார். வீடு ஒருநாள் கைமாறும்; வாங்குகிறவர் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார். வேலிக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். இங்கே பிடிக்கும் தீ வேலியோடு நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் தருவார்? ஆகவே, மூடிய சுவர் ஒருவருடைய தனிச் சொத்தன்று. அதன்மேல் நம்பி முதுகு சாய்க்கிற ஒவ்வொருவருக்கும் அது ஓர் அமானிதம்.

மறைந்த வேலையில் நேர்மை தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த நாடே ஒரு கொடிய இரவில் கண்டது. 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இலண்டன் நகரின் வடக்குக் கென்சிங்டன் பகுதியில், கிரென்ஃபெல் டவர் என்னும் இருபத்து நான்கு மாடிக் குடியிருப்பில் நள்ளிரவு கடந்து தீப்பிடித்தது. நான்காம் மாடியில் ஒரு சமையலறையில் தொடங்கிய தீ அது. 2016இல் முடிந்த புதுப்பிப்பு வேலையில், கட்டடத்துக்கு வெளியே அழகுக்கும் வெப்பக்காப்புக்குமாகப் போர்த்தப்பட்டிருந்த அடுக்குகளைப் பற்றிக்கொண்டு அது உச்சிவரை ஏறியது. எழுபத்திரண்டு உயிர்கள் மாண்டன. அது நோன்பு மாதம். ஸஹருக்காக விழித்திருந்த சிலர் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பினார்கள் என்று செய்திகள் வந்தபோது, உலகெங்குமுள்ள முஸ்லிம் குடும்பங்கள் துயரத்தோடு அவற்றைப் படித்தன.

2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று கூறியது. வெளிப்போர்வைப் பலகைகளையும் வெப்பக்காப்புப் பொருள்களையும் செய்து விற்றவர்களிடம் திட்டமிட்ட நேர்மையின்மை இருந்ததென்றும், அரசு, உள்ளூர் நிருவாகம், கட்டட வல்லுநர்கள் என்று பலரும் கடமை தவறினர் என்றும் அது எடுத்துரைத்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே கண்களுக்குப் பஞ்சமில்லை. வரைந்தவர் இருந்தார், விற்றவர் இருந்தார், பொருத்தியவர் இருந்தார், சோதிக்க வேண்டியவரும் இருந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டதால், எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு எவருக்கும் இல்லாத பொறுப்பாகிவிட்டது.

இதைக் கொண்டு சட்டமும் சோதனையும் வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. அந்த விபத்துக்குப் பிறகு, 2018இல், பதினெட்டு மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் எரியும் பொருள்களைத் தடை செய்தார்கள். 2022இல் கட்டடப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்றினார்கள். அவை வேண்டியவையே. சின்னஞ்சிறு தோட்ட அறையைச் சட்டம் விட்டுவைத்திருப்பது, அங்கே தீங்கு சிறியது என்பதால்தான். அந்த விலக்கு அதிகாரியின் வருகைக்கு மட்டுமே தரப்பட்ட விலக்கு. மனச்சாட்சிக்கு எவரும் விலக்கு அளித்ததாக நாம் அறியோம். சொல்லப்போனால், மேற்பார்வையாளர் வராத இடத்தில் மனச்சாட்சியின் வேலை இரட்டிப்பாகிறது. கூலிக்கு வேலை செய்பவர், “எசமான் அவசரப்படுத்தினார்” என்று சொல்லித் தப்பலாம். எசமான், “வேலையாள் ஏமாற்றிவிட்டான்” என்று சொல்லித் தப்பலாம். தானே கட்டுகிறவருக்கு அந்த இரண்டு வாசல்களும் அடைபட்டுவிடுகின்றன.

மற்றோர் ஐயமும் எழக்கூடும். கண்ணுக்குத் தெரியாத மூலையில்கூட ஒரு குறையும் இருக்கலாகாது என்று மாதக்கணக்கில் இழைத்துக்கொண்டிருப்பதும் ஒருவகை அகந்தையல்லவா? ஆம், அகந்தையே. சுவருக்குள் போகும் சட்டத்தை மெருகிட வேண்டியதில்லை. சற்றுக் கோணலாக நிற்கும் ஆணியால் எவருக்கும் கேடில்லை. எது வேண்டிய செம்மை, எது வீண் ஆடம்பரம் என்று பிரித்தறிய எளிய உரைகல் ஒன்று இருக்கிறது. கவனமுள்ள கட்டுநர்கள், உட்பலகையைப் பொருத்தி மூடுவதற்கு முன், சுவரின் உட்புறத்தை ஒவ்வொரு பகுதியாகப் படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிற்காலத்தில் மின்கம்பி எங்கே ஓடுகிறது, சட்டம் எங்கே நிற்கிறது என்று அறிய அது உதவும். அப்படிப் படமெடுக்கும்போது எந்த மூலையை எடுக்காமல் நகர்ந்துவிடக் கை விரும்புகிறதோ, அந்த மூலையில்தான் வேலை பாக்கி இருக்கிறது. கோணல் ஆணியைப் படமெடுக்க எவரும் தயங்கமாட்டார். ஒட்டாமல் விட்ட தாளைப் படமெடுக்கத் தயங்குவார். “இச்சுவருக்குள் இருப்பதை, இதை நம்பி வாழப்போகிறவரிடம் நான் காட்டத் தயாரா?” என்பதே உரைகல்.

அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ, 1845இல் வால்டன் குளக்கரையில், பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உள்ள குடில் ஒன்றைத் தம் கையால் கட்டிக் குடியேறினார். 1854இல் வெளியிட்ட தம் நூலில், அக்குடிலுக்கு ஆன செலவை ஆணி வரைக்கும் கணக்கெழுதினார். மொத்தம் இருபத்தெட்டு டாலர் பன்னிரண்டரை சென்ட். பழைய குடிசை ஒன்றை வாங்கிப் பிரித்த பலகைகளைப் பயன்படுத்தியதையும் மறைக்கவில்லை. சுண்ணாம்பு விலை அதிகம் என்றும், பூச்சில் கலக்கும் மயிரைத் தேவைக்கு மேல் வாங்கிவிட்டதாகவும் கணக்கின் ஓரத்தில் குறித்து வைத்தார். அவருடைய கொள்கைகள் அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் தம் சுவரைத் தாமே திறந்து காட்டிய அந்தத் துணிவு போற்றத்தக்கது.

நேர்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. தன்னால் ஆகாததை ஆகாது என்று ஒப்புக்கொள்வது. அறையை எழுப்பியவர் உற்சாக மிகுதியால் மின்சார இணைப்பையும் தாமே கொடுத்துவிட முனைந்தால், அது தற்சார்பு ஆகாது, தற்பெருமையே ஆகும். அந்த வேலைக்குத் தேர்ந்தவரை அழைப்பதால் கட்டியவருக்குப் பெருமை குறைந்துவிடாது.

அண்டை வீட்டாரையும் மறந்துவிடக்கூடாது. இங்கிலாந்தில், தனி அனுமதி பெறாமல் போடும் மரத்தளம் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குமேல் உயரக்கூடாது என்பது விதி. உயர்ந்த தளத்தில் நிற்பவரின் பார்வை வேலியைத் தாண்டிப் பிறர் முற்றத்தில் விழும். நம் அந்தரங்கத்துக்காக அறை கட்டிக்கொண்டு, பிறர் அந்தரங்கத்தைக் குலைப்பது முறையாகுமா? விதி இல்லாத ஊரிலும் மாடி கட்டுகிறவர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இனி, தொடங்கிய கேள்விக்கு விடை காண்போம். எவரும் பாராத வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டுவது எதனால்? பார்க்காதவர்கள்தாம் அதை நம்பியிருக்கிறார்கள் என்பதால். காணும் வேலையில் குறை இருந்தால் காண்பவர் விலகிக்கொள்ளலாம். காணாத வேலையில் அவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருடைய கண்ணின் வேலையையும் செய்கிறவனின் கையே சேர்த்துச் செய்யவேண்டியிருக்கிறது. நம்மில் தோட்ட அறை கட்டுபவர் சிலரே இருக்கலாம். ஆனால் மூடப்படும் சுவர் இல்லாத தொழில் இல்லை. மருந்துக் கடையில் பொட்டலம் மடிப்பவரும், ஏட்டில் கணக்கு எழுதுபவரும், பிறர் பிள்ளைக்குப் பாடம் சொல்பவரும், அடுப்பங்கரையில் ஊருக்குச் சோறு வடிப்பவரும் நாள்தோறும் ஒரு சுவரை மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைசிப் பலகையை வைத்து அறையுமுன் ஒரு கணம் நின்று, உள்ளே இருப்பதை மறுபடி பார்த்துக்கொள்வோமாக.