தனித்த உயிரும் துணைநிற்கும் உயிரும்



நாள்தோறும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஆன்றோர் வகுத்த பன்னிரு சிந்தனைகளுள் நான்காவது ஏகத்துவம். உயிர் தனியே பிறக்கிறது, தனியே பிரிகிறது, தான் ஈட்டிய வினையின் பயனைத் தானே நுகர்கிறது. பெற்றோரும் மக்களும் அந்த நுகர்ச்சியில் இம்மியளவும் பங்கு கொள்ள இயலாது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் என் தாயாரிடம் சிறுமியாக இருந்தபோது கேட்ட பாடம் இது. எழுபது வயதைக் கடந்த பின்னும் காலையில் இதனை எண்ணாமல் நான் எழுவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் பன்னிரண்டு வயதுள்ள என் பேத்தி கோவையில் என் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தாள். 'குட்டி இளவரசன்' என்னும் கதை நூலைக் கையை விட்டு இறக்காமல் படித்தாள். ஒரு மாலை அதனை மூடி வைத்துவிட்டு, "பாட்டி, உயிர் தனியானது என்று தினமும் சொல்கிறீர்களே! அப்படியானால் இந்த நரி ஏன் சிநேகம் கேட்கிறது? அது தப்பா?" என்று வினவினாள். பிள்ளைகளின் வினாவைத் தட்டிக் கழிக்கலாகாது என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றவள் நான். பிறர்க்கும் அதனையே கற்பித்தவள். ஆயினும் அன்று எனக்கு விடை தோன்றவில்லை. நூலை வாங்கிப் படித்தேன்.

பிரெஞ்சு நாட்டு விமானியாகிய அந்துவான் து செந்த் எக்சுபெரி எழுதி, உலகப்போரின் நடுவே 1943ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்த நூல் அது. 1935ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய விமானம் பாலைவனத்தில் வீழ்ந்தது. நீரின்றித் தவித்த அவரையும் உடன் சென்றவரையும் நாடோடி அரபியர் காப்பாற்றினர். முன்பின் அறியாத மனிதரின் துணையால் பிழைத்தவர் எழுதிய கதை என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகிய இருவரும் பிரெஞ்சிலிருந்தே இதனைத் தமிழாக்கினர்; 1981இல் க்ரியா வெளியிட்டது.

வீட்டளவே உள்ள ஒரு கோளில் தனியே வாழும் சிறுவன் அந்த இளவரசன். ஒரு ரோஜாச் செடியை வளர்க்கிறான். அதன் செருக்கான பேச்சில் மனம் நொந்து அதனைப் பிரிந்து புறப்படுகிறான். வழியில் ஒரு வணிகனைக் காண்கிறான். அவன் விண்மீன்களை எண்ணி எண்ணித் தாளில் குறித்து, அவை யாவும் தன் உடைமை என்கிறான். அவற்றால் அவனுக்குப் பயனில்லை. அவனால் அவற்றுக்கும் பயனில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டைப் பிள்ளைகளுக்குக் கூற இயலுமோ?

பின்னர் மண்ணுலகில் ஒரு நரியைச் சந்திக்கிறான். அந்த நரி கேட்பது ஒன்றே. நாள்தோறும் வர வேண்டும். குறித்த நேரத்தில் வர வேண்டும். சற்று எட்டி அமர்ந்து, நாளுக்கு நாள் நெருங்கி வர வேண்டும். நேரம் குறித்தால்தான் தன் உள்ளம் வரவேற்க ஆயத்தமாகும் என்கிறது. பிரியும் நாளில் நரி அழுகிறது. பற்றின் விளைவு துன்பம் என்று நம் ஆகமங்கள் கூறுவதை அக்கண்ணீரும் காட்டுகிறது. ஆயினும் தன் அன்பால் பழகிய உயிருக்குத் தான் பொறுப்பாளி என்ற உணர்வோடு இளவரசன் ரோஜாவை நோக்கித் திரும்புகிறான்.

இதனைப் படித்ததும் நம் கொங்கு நாட்டுக் காப்பியம் ஒன்று என் நினைவுக்கு வந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு ஈரோடு மாவட்டத்து விஜயமங்கலத்திற்குச் சென்றேன். அங்குச் சந்திரபிரப தீர்த்தங்கரர் ஆலயத்து மண்டபத்தில் அமர்ந்தோம். பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரின் ஊர் இது என்று வழிவழியாகக் கூறுவர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1924இல் அந்நூலைப் பதிப்பித்தபோதே அதன் முதலும் முடிவும் கிடைக்கவில்லை. நான் கூறிய கதையை உதயணகுமார காவியத்தின் வழியே அறிகிறோம்.

யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் உதயணனிடம் தெய்வயானை ஒன்று தானே வந்து சேர்கிறது. அது விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, தனக்கு உணவளிக்கும் முன் அவன் உண்ணலாகாது என்பது. ஒரு நாள் அவன் மறந்து முன்னர் உண்டுவிட்டான். யானை மறைந்தது. அதன் பிரிவால் வருந்தி அவன் காடெங்கும் தேடி அலைந்தபோது, உஞ்சை வேந்தன் பிரச்சோதனன் அனுப்பிய பொய் யானையைக் கண்டான். மெய்யென நம்பி அருகில் சென்று சிறைப்பட்டான்.

கதை முடிந்ததும், "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். "யானைக்குச் சாப்பாடா பெரிது, பாட்டி? அரண்மனையில் வேறு யாராவது கொடுத்திருப்பார்கள். அவன் மறந்துவிட்டான், அதுதான்" என்றாள் பேத்தி. நான் தலை குனிந்தேன். அவள் அறியாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது.

எங்கள் தெருவில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் உள்ளார். பார்வை மங்கியதால் அவரால் படிக்க இயலாது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு வந்து ஸ்ரீபுராணம் படித்துக் காட்டுவேன் என்று நானே அவருக்கு வாக்களித்தேன். நான்கு வாரம் சென்றேன். பின்னர் என் கணவர் மறைந்தார். எவர் முகத்தையும் காண எனக்கு விருப்பம் இல்லை. கதவை அடைத்துக்கொண்டேன். அதற்கு நான் இட்ட பெயர் ஏகத்துவ சிந்தனை. எட்டு மாதங்கள் கடந்தன.

விஜயமங்கலத்திலிருந்து திரும்பிய வாரத்து ஞாயிறன்று பேத்தியோடு அவர் இல்லம் சென்றேன். வாயிலில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எடுத்துப் போடுவேன் அக்கா, இருட்டினதும் உள்ளே வைத்துவிடுவேன்" என்றார். ஒரு சொல்லும் குறையாகக் கூறவில்லை. புராணத்தில் எவ்விடத்தில் நிறுத்தினோம் என்பது அவருக்கு நினைவிருந்தது, எனக்கு இல்லை.

சகோதரிகளே, ஏகத்துவம் என்பது எனக்கு நானே கூறிக்கொள்ள வேண்டிய பாடம். என் வினைக்கு நானே பொறுப்பு என்று உணர்ந்து பிறரை நோவாதிருக்க அது உதவும். பிறரைத் தனியே விட்டுவிட அதனைச் சான்றாகக் காட்டுவது அதன் பொருளைத் திரிப்பதாகும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாக நிற்பது அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் உரைக்கிறது. பகவான் மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டையொட்டி 1974இல் ஏற்கப்பட்ட நம் சமயச் சின்னத்தின் அடியிலும் அந்த வாசகமே உள்ளது. தனித்து நுகரும் உயிர், துணையாகவும் நிற்க வல்லது. இரண்டும் ஓர் உயிரின் தன்மைகளே.

அவ்வாறாயின் பற்றுக்கும் தோழமைக்கும் வேறுபாடு யாது? பற்று, எனக்கு வேண்டும் என்று கேட்கும். தோழமை, குறித்த நேரத்தில் சென்று நிற்கும். இருள் கவியும் முன் உண்டு முடிப்பதை நாம் விரதமாகக் காக்கிறோம்; பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரம் தவறுவதில்லை. நட்பையும் அவ்வாறே விரதமாகக் கொண்டால் அது மைத்திரி ஆகும். மனம் விரும்பும்போது மட்டும் சென்றால் அது நம் மகிழ்ச்சிக்காகச் செய்ததே ஆகும். நரி கேட்டதும் யானை கேட்டதும் அந்த ஒழுங்கையே.

துணையை இழந்தவர் பொய் யானையிடம் அகப்படுவதையும் மறவாதீர்கள். பிள்ளைகள் அயலூரில் வாழ, முதியோர் தொலைக்காட்சியின் முன்பும், பிள்ளைகள் கைப்பேசியின் முன்பும் தனித்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. ஆலயத்திற்கு வரும்போது, சென்ற வாரம் வந்து இந்த வாரம் வாராதவர் எவர் என்று பாருங்கள். அவர் இல்லம் செல்ல ஒரு நாளும் ஒரு நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். குறித்தபின் தவறாதீர்கள்.

பேத்தி ஊர் திரும்பும்போது அந்த நூலை என்னிடமே விட்டுச் சென்றாள். ஞாயிறு மாலையில் ஸ்ரீபுராணத்தில் ஒரு பகுதி முடிந்ததும், அதிலும் இரண்டு பக்கம் படிக்கிறோம். நரி வரும் இடத்தை மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார் அந்த அம்மையார்.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!