உண்மை தாமதமாக வந்தால்

நமது பெரும்பாறை, தாண்டிக்குடிப் பக்கம் வேலியில் தொடங்கும் வாய்த்தகராறு சில நேரம் அரிவாள் வரை போய்விடுகிறது. 1991-ல் பஞ்சாபில் ஒரு வயல் தகராறும் அப்படித்தான் ஆனது. தந்தையைத் தாக்கியவரை மகன் துப்பாக்கியால் சுட்டார், அவர் இறந்துபோனார். கீழ்க் கோர்ட்டு மகனை விடுவித்தது. உயர் நீதிமன்றமோ கொலைக் குற்றவாளி என்றது. 2010-ல் உச்ச நீதிமன்றம் தற்காப்பு என ஏற்று அவரை விடுதலை செய்தது. தர்ஷன் சிங் வழக்கு என்று இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். தீர்ப்பு முடிவாக வருவதற்குள் ஏறத்தாழ 19 ஆண்டுகள்!

தற்காப்பு நமது மார்க்கத்திற்குப் புதிதல்ல. ஒருவர் இன்னொருவரின் கையைக் கடித்தார். கடிபட்டவர் கையை உருவியதில் கடித்தவரின் பல் விழுந்தது. பல்லுக்கு ஈடு கேட்டு வந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் எதுவும் வழங்கவில்லை. ஆனால் எல்லை உண்டு. தாக்கியவன் திரும்பி ஓடிய பிறகு துரத்தி வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது.

நம் ஊர் வழக்கு திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட்டில் முடிந்து, மதுரைக் கிளைக்கு அப்பீல் போகிறது என்று வையுங்கள். அப்போதுதான் ஒருவர் வருகிறார்: “முதலில் அரிவாளை ஓங்கியது இறந்தவர்தான், நான் பார்த்தேன்.” அவசியம் என்று கருதினால், காரணத்தை எழுதிவைத்து, அப்பீலிலும் கூடுதல் சாட்சியம் எடுக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு, புதிய சட்டத்தில் அது 432-வது பிரிவு. ஆனால் முதல் கேள்வியே, “இத்தனை நாள் எங்கே இருந்தீர்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஜோடிக்கப்பட்ட சாட்சியும் தாமதமாகத்தானே வரும்? இறந்தவரின் பிள்ளைகளுக்கும் உண்மையில் உரிமை இருக்கிறது.

அதற்காகக் கதவையே மூடிவிடலாமா? நேற்றுத் தீர்ப்பளித்துவிட்டோம் என்பதற்காக, இன்று தெளிவான உண்மையின் பக்கம் திரும்பத் தயங்க வேண்டாம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. மூடக்கூடாது, வருகிறவரைத் துருவிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கவலை நீதிபதியைப் பற்றியதல்ல. வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “நமக்கெதற்கு வம்பு” என்று வீட்டுக்குள் போனவரைப் பற்றியது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குரியது என்கிறது குர்ஆன். அவர் வாய் திறக்கும்வரை சிறையில் கழிந்த ஆண்டுகளை எந்த அப்பீல் திருப்பித் தரும்? கைதியின் கையில் இருந்த வெட்டுக்காயமும் அதற்குள் ஆறிப்போயிருக்கும். அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்திருந்தால், அந்தக் காயமே ஒரு சாட்சி.