ஏட்டில் விடுபட்ட மெய்

தான் செய்த நற்செயலைத் தானே எடுத்துரைத்தல் தகாது என்பது நாம் இளமை தொட்டே கற்றுவரும் பாடம். உதவி செய்தவன் அதனை மறந்துவிட வேண்டும், பெற்றவனே நினைவிற் கொள்ள வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்ஙனமாயின், தமக்குரிய பதக்கங்கள் அரசின் ஏட்டில் எழுதப்படாமல் விடுபட்டுள்ளன என்றும், அவற்றைச் சேர்த்துத் தர வேண்டும் என்றும் முதிய படைவீரர் ஒருவர் விண்ணப்பம் எழுதுவாராயின் அச்செயலை நாம் எவ்வாறு மதிப்பது? அது புகழ் வேட்கையா? அன்றி, வாய்மையின்பாற்பட்ட கடமையா? அடக்கமும் உண்மையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பது போலத் தோன்றும் இடம் இது. ஆதலின் சற்றே நின்று சிந்தித்தற்கு உரியது.

இவ்வினா கற்பனையில் எழுந்ததன்று. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் முன்னாள் படைவீரர்களும் அவர்தம் மக்களும் இத்தகைய விண்ணப்பங்களை இன்றும் எழுதி வருகின்றனர். பதக்கங்கள் ஏட்டில் எவ்வாறு விடுபடுகின்றன என்பதை முதற்கண் அறிந்துகொள்வோம்.

இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுப் படைகளில் ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பேர் பணியாற்றினர். 1945-ஆம் ஆண்டு போர் முடிந்ததும் அவர்களுள் மிகப் பலர் குறுகிய காலத்திற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் விடுவிப்புச் சான்றிதழ் ஒன்று தட்டச்சு செய்து தரப்பட்டது. பணியாற்றிய காலம், களங்கள், காயங்கள், பதக்கங்கள் ஆகியன அதில் இடம்பெறும். 1950-ஆம் ஆண்டு முதல் இச்சான்றிதழ் 'டி.டி. 214' என்னும் படிவமாக வழங்கி வருகின்றது. பெற்றோரையும் மனைவி மக்களையும் காணத் துடித்துக்கொண்டிருந்த வீரர், அத்தாளில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஆராய்ந்துகொண்டா நின்றிருப்பார்?

பிழை முழுவதும் எழுத்தர்மேல் ஏற்றத்தக்கதும் அன்று. சில பதக்கங்கள் வீரர் வீடு திரும்பிய பின்னரே அவருக்கு உரியனவாயின. போர்க்களத்தில் நின்ற காலாட்படையினர்க்கு ஒரு சின்னமும், அவர்களுடன் சென்று காயமுற்றோரைத் தாங்கிய மருத்துவப் பணியாளர்க்கு ஒரு சின்னமும் போர்க்காலத்திலேயே வழங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் இவ்விரண்டனுள் ஒன்றைப் பெற்றவர் அனைவரும் 'வெண்கல நட்சத்திரப் பதக்கம்' பெறத் தக்கவர் என்று 1947-ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. 1945-இல் வீடு சென்றவரின் தாளில் அது எவ்வாறு இடம்பெறும்? பகைவரிடம் சிறைப்பட்டோர்க்கான பதக்கம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு, 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை பின்னோக்கிச் செல்வதாயிற்று. கொரியப் போரில் பணியாற்றியோர்க்குக் கொரியக் குடியரசு 1951-இல் தர முன்வந்த பதக்கத்தை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1999-ஆம் ஆண்டில்தான். அதற்குள் எத்தனை பேர் மறைந்துபோயிருப்பர்!

இவற்றிற்கு மேலாக நெருப்பும் தன் பங்கைச் செய்தது. மிசௌரி மாநிலத்துச் செயிண்ட் லூயி நகரை அடுத்திருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில், 1973-ஆம் ஆண்டு சூலை 12-ஆம் நாள் ஆறாம் தளத்தில் தீப்பற்றியது. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடிய விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது பங்கு போயிற்று. அவற்றிற்குப் படிகளும் இல்லை. ஒரு மனிதர் தம் இளமையைக் கொடுத்துப் பெற்ற சான்று ஓரிரவில் சாம்பலாவது எவ்வளவு எளிதாய் இருக்கின்றது!

இனித் திருத்தும் வழியைக் காண்போம். ஏட்டில் உள்ள செய்திகளைக் கொண்டே ஒரு பதக்கம் உரியது எனத் தெளிவாயின், 'டி.டி. 215' என்னும் திருத்தத்தாள் வழங்கப்படும். அவ்வாறு தெளிவாகாதவற்றை, 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த படை ஆவணத் திருத்த வாரியத்திடம் முறையிடலாம். பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அக்காலவரையறையைத் தளர்த்தவும் வாரியத்திற்கு உரிமை உண்டு. அரசின் ஏடு முறையாகவே எழுதப்பட்டது என்றுதான் வாரியம் முதலில் கொள்ளும். அது பிழை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவரையே சாரும். படைப்பிரிவின் நாட்குறிப்புகள், பழைய ஆணைகள், சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, உடனிருந்த தோழரின் உறுதிமொழி ஆகியவற்றைத் தேடித் திரட்ட வேண்டும். வீரர் மறைந்திருப்பின் நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவு உழைப்பும் எதன்பொருட்டு? ஒரு துண்டு நாடாவுக்கும் சிறு உலோகத்துக்குமா? போர் நன்றா தீதா என்பது வேறு வினா. அதனை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. காயமுற்றார், சிறைப்பட்டார், வீழ்ந்த தோழனைத் தோளில் சுமந்தார் என்பன நிகழ்ந்த செய்திகள். நிகழ்ந்தது நிகழ்ந்ததாகவே எழுதப்பட வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலாவது தடை, இது செருக்கு அன்றோ என்பது. புகழைத் தேடுவது வேறு. பொய்யைத் திருத்துவது வேறு. இரண்டையும் பிரித்தறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. ஏட்டில் குறைந்திருப்பதைச் சேர்க்கச் சொல்லும் அதே மனிதர், தமக்கு உரியதல்லாத பதக்கம் ஒன்று தவறாக அதில் ஏறியிருப்பின், அதனை நீக்கச் சொல்லியும் அதே ஊக்கத்தோடு எழுதுவாரா? எழுதுவாராயின் அவர் நாடுவது மெய். சேர்ப்பதற்கு மட்டும் கை நீளுமாயின் அவர் நாடுவது புகழ். பெறாத பதக்கத்தைப் பெற்றதாகக் கூறிப் பொருளோ பயனோ அடைவதை அந்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. மிகைப்படுத்துவது பொய்யாயின், உள்ளதை விடுப்பதும் மெய்யாகாது. நம் நிலத்தின் அளவு பதிவேட்டில் குறைந்திருந்தால் எத்தனை முறை அலுவலகத்திற்கு நடக்கின்றோம்! அதனை எவரும் பேராசை என்று இகழ்வதில்லையே.

இரண்டாவது தடை சற்று நுட்பமானது. 'தந்தையார் உயிரோடிருந்த நாளில் ஒன்றும் கேட்டாரல்லர். மக்கள் ஏன் கேட்க வேண்டும்?' என்பர். அவர் கேளாதிருந்தது அவருடைய பண்பு. அது அடக்கமாகவும் இருக்கலாம். உடன் சென்று திரும்பாத தோழரை எண்ணி வாய் மூடிய துயரமாகவும் இருக்கலாம். எதுவாயினும் அம்மௌனம் அவருக்கே உரியது. அதனை எடுத்துத் தன் பிழைக்குப் போர்வையாக்கிக்கொள்ள ஏடெழுதியவனுக்கு உரிமையில்லை. அடக்கம் என்பது ஒருவர் தாமே மேற்கொள்ள வேண்டிய நோன்பு; பிறர்மேல் சுமத்தத்தக்க தண்டனை அன்று.

மேலும், ஏட்டின் பிழை ஒருவரோடு நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் பன்னிரண்டு இலட்சம் கறுப்பின அமெரிக்கர் படைகளில் பணியாற்றினர். அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கமாகிய 'மெடல் ஆஃப் ஹானர்' போர்க்காலத்தில் அவர்களுள் ஒருவருக்கேனும் வழங்கப்படவில்லை. அவ்வெற்றிடம் ஏட்டில் சும்மா இருக்கவில்லை; இவர்களிடையே அத்தகைய வீரர் எவரும் இலர் என்று அரை நூற்றாண்டுக் காலம் பொய் பேசிக்கொண்டிருந்தது. 1993-இல் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1997-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் எழுவருக்கு அப்பதக்கம் அளிக்கப்பட்டது. அதனைத் தம் கையால் பெற உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 1945-ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலியில் போரிட்டபோது இளைஞராயிருந்த அவர், அன்று எழுபத்தேழு வயது முதியவர். மற்ற அறுவரும் மறைந்துவிட்டிருந்தனர். பின்னர் 2000-ஆம் ஆண்டில் ஆசிய வழியினர் இருபத்திருவர்க்கும் இவ்வாறே நீதி கிடைத்தது. பேக்கர் அடைந்தது அவர் ஒருவரின் பெருமையா? ஒரு மக்கட் கூட்டத்தின்மேல் கிடந்த பழி அன்றோ நீங்கிற்று!

மூன்றாவது தடை, காலங்கடந்தபின் பயன் என்ன என்பது. வாழ்வோர்க்குப் பயன் உண்டு. காயமுற்றோர்க்குரிய ஊதா இதயப் பதக்கம் எவரேனும் விரும்பித் தருவதன்று. பகைவரால் காயமுற்று மருத்துவம் பெற்றவர்க்கு உரிமையாக வருவது. முன்னாள் படைவீரர்க்கான அரசு மருத்துவ உதவியில் அதனைப் பெற்றவர்க்கு முன்னுரிமை உண்டு. ஏட்டில் ஒரு வரி விடுபட்டால், முதுமையில் மருத்துவமனை வாயிலில் அதன் விளைவைச் சுமப்பவர் அவரே.

மறைந்தோர்க்கு என்ன பயன் எனின், மெய் ஆளோடு மறைவதன்று என்பதே விடை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோர்க்குப் பணி செய்த பெண் மருத்துவர் மேரி வாக்கர், 1865-இல் அவ்வுயர்ந்த பதக்கத்தைப் பெற்றார். 1917-ஆம் ஆண்டில் 911 பேரின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது அவர் பெயரும் நீங்கியது. அவரோ பதக்கத்தைத் திருப்பித் தராமல், 1919-இல் மறையும் வரை அணிந்திருந்தார். 1977-ஆம் ஆண்டில் அவருடைய பதக்கம் மீண்டும் ஏற்கப்பட்டது. அவர் அதனை அறியார். ஆயினும் ஒரு நாடு தன் ஏட்டை எடுத்து, 'இங்கே தவறு செய்தோம்' என்று எழுதிக்கொள்வது அந்நாட்டுக்கே நன்மை. தன் பிழையை ஒப்புக்கொள்ளாத ஏட்டை, அது சரியாகச் சொல்லும் இடத்திலும் எவர் நம்புவார்?

இத்தனையும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அன்பு கண்ணை மறைக்கும். வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட கதை ஆண்டுதோறும் சிறிது வளரும். தந்தையின் வீரத்தை நாம் ஐயுறவில்லை என்பதால் அது சான்றாகிவிடாது. கிடைத்த ஆவணம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே கேட்க வேண்டும். வாரியம் 'சான்று போதாது' என்று மறுக்குமாயின் அதனை ஏற்கும் மனமும் வேண்டும். இல்லையேல், ஒரு பொய்யை நீக்கப் புறப்பட்டு மற்றொன்றை எழுதியவராவோம். திருத்தம் வந்தபின் பதக்கத்தைச் சுவரில் மாட்டுவதும் பெட்டியில் வைப்பதும் அவரவர் விருப்பம். தாள் மெய் பேசினால் போதும்.

எனவே அடக்கத்திற்கும் வாய்மைக்கும் உண்மையில் பகையில்லை என்பதே நம் முடிவு. தம் பெருமையைப் பேசாதிருத்தல் செய்தவரின் அறம். அவர் செய்ததை வழுவாமல் எழுதிவைத்தல் மற்றவரின் அறம். தம் அறத்தை அவர் காத்தார் என்பதற்காக நம் அறத்தை நாம் கைவிடலாமா? நம் வீடுகளிலும் ஊர்களிலும் உழைத்தவர் பெயர் ஏறாத ஏடுகள் இல்லாமல் இல்லை. அவற்றைப் புரட்டும்போது நம் பெயர் எங்கே என்று தேடுவதை விடுத்து, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்போமாக. தமக்காகக் கேளாதிருத்தல் பெருந்தன்மை. பிறர்க்காகக் கேளாதிருத்தலோ குறை.